டெல்மாவின் வாயில் வராத பெயர்

ஆலைச் சங்கு ஊதப்போகிறது என்றால் டெல்மா தன் உள்ளங்கைகள் இரண்டையும் ஏப்ரனில் ஒருமுறை துடைத்துக்கொள்வாள். கை ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. துடைத்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். மீன் மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த தங்கை லினெட் இதைப் பல வருஷங்களாகக் கவனித்து வந்தாள். லினெட்டுக்குப் பேசுவதைவிடப் பார்ப்பது சுலபம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது ஏதாவது கேட்டால், பதில் தெரிந்தாலும் தரையைப் பார்ப்பாள். ஆனால் எதிரில் நிற்பவரின் கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்பது அவளிடமிருந்து தப்பாது.

தொடக்கத்தில் அந்தத் துடைப்பு, பசியோடு சாப்பிட உட்காருகிறவர்கள் கையைத் துடைப்பதுபோல இருந்தது. பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்த நாளில் மாறியது என்று லினெட் இன்றைக்கும் யோசிக்கிறாள்.

பப்புவா நியூ கினியின் லேய் ஊரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த மீன் தொழிற்சாலை. ஆவியில் வெந்து ஆறிய சூரை மீனைத் தோலுரித்து, முள் எடுத்து, கருஞ்சதையைப் பூனைத் தீனிக்கு ஒதுக்கி, வெள்ளைச் சதையைத் தட்டில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. அக்கா தங்கை இருவரையும் அங்கே சேர்த்துவிட்டது டெல்மாவுடைய புருஷன் ஹோசியாவின் அக்கா. புருஷன் வழியில் வந்த உறவு என்பதால் அவளை இருவரும் 'தம்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பெயர் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது. அவர்கள் கரையோர ஊர்களில் அது வழக்கம். சொன்னால் சாமி குத்தம் வரும், வாய் வெந்துபோகும் என்றெல்லாம் யாரும் மிரட்டியதில்லை. துணி இல்லாமல் சந்தைக்குப் போகக் கூடாது என்று யாராவது சொல்லித் தரவா வேண்டும்? அந்த மாதிரிதான் இதுவும்.

அந்தக் காலத்து டெல்மாவைப் பார்த்திருக்க வேண்டும். படகு தாமதமாக வந்து மீன் மலைபோலக் குவியும் நாளில் மற்றவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். டெல்மாவுக்குக் கண் பளபளக்கும். உள்ளங்கையைத் துடைப்பாள், கத்தியை எடுப்பாள், அவ்வளவுதான். முள் தனியே, தோல் தனியே, சதை உடையாமல் தட்டில்.

"அடியே, அது மனுஷி கையா நண்டுக் கையா? எத்தனை கை வச்சிருக்கே?" என்பாள் தம்பு.

"பயந்தா எனக்கு வேகம் வரும் தம்பு. சங்கு ஊதினா நெஞ்சு திக்குன்னுது பாருங்க, அந்தத் திக்குலதான் கை ஓடுது."

"எனக்கும் திக்குன்னுதான் இருக்கு. ஆனா கழிப்பறைக்குத்தான் ஓடச் சொல்லுது."

மேசையே சிரிக்கும். முகமூடிக்குள் சிரிப்பது வெளியே தெரியாது, தோள்கள் மட்டும் குலுங்கும். அந்த 'திக்' போனபின் டெல்மா நன்றாகச் சாப்பிடுவாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்றுவிட்டு, வாசலுக்கு வெளியே போய்ப் பாக்கும் சுண்ணாம்பும் மென்றுவிட்டு, வீடு திரும்பும் பஸ்ஸில் லினெட்டின் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். பஸ் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் எழமாட்டாள்.

கை அப்படிப் பறந்ததால்தான் அவளை மேசைத் தலைவி ஆக்கினார்கள். ஷிப்ட் பாஸ் ரஃபேல் வந்து மஞ்சள் தொப்பியை அவள் தலையில் வைத்தார். தம்புதான் முதலில் கை தட்டியவள். "என் தம்பிக்குப் பொண்ணு பாத்தது நான், மறந்துடாதீங்க" என்று மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

மஞ்சள் தொப்பி வந்த கொஞ்ச நாளில் புது மேனேஜர் வந்தார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மைக் வைக்கச் சொன்னார். மணி அடிக்கும்போதெல்லாம் எடை பார்த்து, அந்த மேசையில் முந்தியவர் யார், கடைசி யார் என்று தலைவி மைக்கில் பெயர் சொல்ல வேண்டும். கூடம் முழுக்கக் கேட்கும்.

"எதுக்கு பாஸ் இது?" என்று டெல்மா கேட்டாள்.

"உற்சாகம் வருமாம்."

"யாருக்கு?"

ரஃபேல் மைக்கை மேசையில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

முதல் நாள், முதல் மணி. டெல்மா தராசைப் பார்த்தாள். கடைசி, தம்பு. தம்புவுக்கு வயதாகிவிட்டது, கண்ணும் மங்கல். முள்ளை விரலால் தடவித்தான் எடுப்பாள். லினெட் தலை தூக்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்மா உள்ளங்கைகளைத் துடைத்தாள். மைக்கைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி துடைத்தாள்.

"ஏழாம் மேசை," என்றாள். "கடைசி... கடைசி, லினெட்."

லினெட்டின் காது சூடானது. எதிர் வரிசையில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "என்ன லினெட், மீன்கூடப் பேசிக்கிட்டிருந்தியா? எங்ககூடத்தான் பேச மாட்டே!"

இடைவேளையில் டெல்மா ஒரு பாக்கைக் கடித்து உடைத்து, பெரிய பாதியைத் தங்கையின் கையில் வைத்து அழுத்தினாள். லினெட்டுக்குப் புரிந்தது. வேறு யார் பெயரைச் சொன்னாலும் சண்டை வரும். தங்கை பெயரை அக்கா என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இன்றைக்கு ஒருநாள்தானே என்று பாக்கை மென்றாள்.

ஒருநாளோடு போகவில்லை. மணி அடிக்க அடிக்க, கடைசி லினெட், கடைசி லினெட் என்று கூடம் முழுக்கக் கேட்டது. சந்தையில் காய் வாங்கும்போதுகூட, "இது அந்தக் கடைசி லினெட்தானே" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். எடையில் அவள் நடுவில் இருந்தாளே தவிர ஒருநாளும் கடைசியில் இருந்ததில்லை. சர்ச்சில் பாடும்போது பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டாள். கடைசியில் மேனேஜரின் காதுக்கும் அந்தப் பெயர் பழகிப்போய், லினெட்டை மேசையிலிருந்து எடுத்துக் குடல் எடுக்கும் பக்கம் அனுப்பிவிட்டார். அங்கே பனிக்கட்டித் தண்ணீர். பூட்ஸுக்குள் விரல் மரத்துப்போகும். நாற்றம் தலைமுடியில் ஏறினால் இறங்காது.

அன்றிலிருந்து லினெட் அக்காவோடு பேசவில்லை. ஒரே வீடு, கம்பங்கள்மேல் நிற்கிற ஒரே தகர வீடு. தட்டை எடுத்து வைப்பாள், துணியைத் துவைத்துப் போடுவாள், வாய் திறக்க மாட்டாள். எப்போதும் குறைவாகப் பேசுகிறவள் என்பதால் ஹோசியாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. டெல்மாவுக்குத் தெரிந்தது.

இப்போது தம்புவுக்குப் பதிலாகச் சொல்ல டெல்மாவிடம் பெயரே இல்லை. அதனால் அவள் வேறொரு வழி கண்டுபிடித்தாள். குடல் பக்கத்துக்கும் மேசைகளுக்கும் நடுவே பிளாஸ்டிக் திரைதான். அதன் வழியாக லினெட் பார்த்தாள். மற்றவர்கள் இடைவேளைக்குப் போனதும் டெல்மா குனிந்து மீன் சுத்தம் செய்வாள். செய்த சதையைத் தம்புவின் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல நகர்ந்துவிடுவாள். தலைவி வேலையும் பார்த்து, தம்பு வேலையும் பார்த்தாள். மணிக்கு முன் தராசில் தம்பு கடைசியில் இல்லை என்று தெரியும்வரை அவள் கை ஏப்ரனைத் துடைத்துக்கொண்டே இருக்கும். மணி அடித்த பிறகும் நிற்காது.

பஸ்ஸில் தூங்குவது நின்றுபோனது. வாய் எந்நேரமும் இனிப்புக் கேட்டது. தேநீரில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டாள். கையும் காலும் மெலிய, வயிறு மட்டும் பெருத்தது. சின்னச் சத்தத்துக்கெல்லாம் சிடுசிடுத்தாள். ஒரு தழும்புகூட இல்லாத கையில் கத்தி இறங்கியது, ஒருமுறை அல்ல, பலமுறை. முள் எடுக்காத ஒரு தட்டு, சரிபார்த்ததாக அவள் போட்ட கையெழுத்தோடு போய்விட்டது. அடுத்த வாரம் இரண்டு பேரின் எடையை மாற்றிச் சொன்னாள். "டெல்மாவுக்கு என்ன ஆச்சு? நம்ம டெல்மாதானா இது?" என்று ரஃபேல் வெளிப்படையாகவே கேட்டார். எவ்வளவு பயம் வந்தாலும் வேகமாகிற கை, இப்போது பயம் வந்தால் தடுமாறியது. லினெட் அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, நன்றாக வேண்டும் என்றுகூட ஒருமுறை நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து இருவரும் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். டெல்மா திடீரென்று சொன்னாள்:

"லினெட், சங்கு ஊதறதுக்கு முன்னாடியே என் நெஞ்சு எழுந்துடுதுடி. இன்னிக்கு லீவுதானே? இன்னிக்கும் எழுந்துடுச்சு. அடிச்சுக்கிட்டே கிடக்கு. கை வச்சுப் பாரேன்."

ஈரக் கையோடு நெஞ்சைக் காட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அக்கா நேராகக் கேட்ட முதல் வார்த்தை அது. கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். லினெட் துணியைப் பிழிந்தாள்.

"தலைவின்னா அதெல்லாம் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வாழ்க்கையில் லினெட் பேசியதே கொஞ்சம். அதில் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ள விரும்புவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

மழை விடாமல் கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, சாலை மூழ்கியதில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு இடைவேளையும் இல்லை. தம்புவின் தட்டை நிரப்ப டெல்மாவுக்கு நேரமே கிடைக்கவில்லை. மணி அடித்தபோது மேனேஜரே ஏழாம் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். டெல்மா தராசைப் பார்த்தாள். மைக்கைப் பிடித்தாள். திரைக்கு இந்தப் பக்கம் லினெட் கத்தியைக் கீழே வைத்தாள். அக்காவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. எல்லோரும் அவள் யோசிக்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் கீழே இழுத்துக்கொண்டது. மைக் மேசையில் விழுந்து, கூடம் முழுக்கக் கீச்சென்று கத்தியது.

ஆஸ்பத்திரியில் ஓனா என்ற நர்ஸ் இருந்தாள். தீவுப் பக்கத்துக்காரி, படபடவென்று பேசுவாள். டெல்மா கண் மூடிக் கிடந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் தம்பு, மறுபக்கம் லினெட்.

"இவளுக்குப் பிரஷர் ரொம்ப நாளா ஏறிக் கிடந்திருக்கு. சர்க்கரையும் இருக்கு. மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. ஒருத்தரும் கவனிக்கலையா?"

தம்பு சொன்னாள்: "நல்லா உழைக்கிறவ. பயந்தா வேகமா வேலை செய்வா."

"அம்மா, ஆத்துல முதலையைப் பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"ஓடுவேன்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"முதலை வந்தா எவளுக்கு முட்டி வலிக்கும்? முட்டி எனக்கு முன்னாடி ஓடும்."

"அதைத்தான் சொல்றேன். பயம் வந்ததும் உடம்புல சில சுரப்பு கிளம்பும், ஹார்மோன்னு சொல்றோமே, அது. நெஞ்சை வேகமா அடிக்க வைக்கும், ரத்தத்துல சர்க்கரையை ஏத்திவிடும், வலியை மறக்கடிக்கும். அந்த நேரத்துக்கு அது நல்லது. எப்பவும் ஓடுறதை விட வேகமா ஓடுவீங்க, எப்பவும் செய்யறதை விட நல்லா வேலை செய்வீங்க. முதலை போனதும் அது அடங்கிடணும். தினமும், மணிக்கு மணி முதலை வந்தா? அடங்க நேரம் ஏது? தூக்கம் போகும், ஞாபகம் போகும், கை தடுமாறும், பிரஷர் ஏறினது ஏறினபடி நிக்கும். இதனாலதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இவ உடம்பு ரொம்ப நாளா ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

"ஃபேக்டரியில ஏதும்மா முதலை?" என்றாள் தம்பு.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். லினெட் தரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"முதலை உங்க பேருதான், தம்பு," என்றாள். "அவளால உங்க பேரைச் சொல்ல முடியல. அதுக்குத்தான் என் பேரைச் சொன்னா. அப்புறம் உங்க தட்டுல..."

"தெரியும்."

லினெட் திரும்பித் தம்புவின் முகத்தைப் பார்த்தாள்.

"என் கண்ணுதான் மங்கல், விரல் மங்கலா? நான் வெட்டினா சதை உடையும். உடையாத சதை என் தட்டுல எங்கிருந்து வந்துச்சாம்?" தம்பு டெல்மாவின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "கேட்டா, ஆமா நீங்கதான் கடைசின்னு அவ சொல்ல வேண்டி வரும். அதைக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. இந்த மேசைக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வந்தவ நான். பேசாம இருந்துட்டேன்."

போர்வையை விட்டுவிட்டு, "ஒரு கோழி," என்றாள். "ஒரே ஒரு கோழி. அடிச்சுச் சமைச்சு என் முன்னாடி வச்சிருந்தா, நான் ஒரு வாய் அவளுக்கு ஊட்டிட்டு, இனிமே பேர் சொல்லிக்கோடின்னு சொல்லியிருப்பேன். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே வாய் திறந்துக்கிட்டாங்க? இதுக்கா இவ்வளவும்?"

அது லினெட்டுக்கும் தெரிந்த வழக்கம்தான். சின்ன வயதில் அந்தச் சாப்பாட்டில் எலும்பு கடித்திருக்கிறாள். டெல்மா ஏன் கேட்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கோழியை வைத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் நடுவில் நின்றவள் லினெட். அக்காவுக்காகத் தம்புவிடம் அவள் போய்ச் சொல்லியிருக்கலாம். கூச்சம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். குழாயடியில் அக்காவின் நெஞ்சில் கை வைத்திருந்தாலாவது கையே சொல்லியிருக்கும்.

டெல்மா வீட்டுக்கு வந்த பிறகு கோழி சமைத்தார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த கோழி, மேலே கீரை. ஹோசியா வெளியே படியில் உட்கார்ந்துகொண்டான், இது பெண்கள் விஷயம் என்று. தம்பு சதையை நுணுக்கி டெல்மாவின் வாயில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி கன்னத்தில் வழிந்தது. லினெட் துடைத்துவிட்டாள். அடுத்த வாயைத் தம்பு லினெட்டுக்கு ஊட்டினாள்.

"ம், இப்போ சொல்லுங்கடி ரெண்டு பேரும். என் பேரை என் காதால கேட்டு எவ்வளவு நாளாச்சு."

லினெட் முதலில் சொன்னாள். அவள் குரலில் அது புதிதாக ஒலித்தது. கெயாம். அவ்வளவு சின்னப் பெயர்.

டெல்மா உள்ளங்கையை, அசைகிற ஒரு கையை மட்டும், மடியில் துடைத்தாள். உதடு முயன்றது. "கெ..." என்றாள். "கெ... யா..." அதற்குமேல் வாய் கேட்கவில்லை. கண்ணில் நீர் வந்தது.

"போதும் விடு," என்றாள் கெயாம். "என் ஆயுசுல பாதிக்கு மேல போயாச்சு. பாதிப் பேரே எனக்குத் தாராளம்." சொல்லிவிட்டு எழுந்து, சமைத்த பானையைக் கழுவப் போனாள். பானை கழுவ அவளுக்கு வெகுநேரம் ஆனது.

கெயாம் வேலையை விட்டுவிட்டாள். பகலில் அவள்தான் டெல்மாவுக்குத் துணை. டெல்மாவின் வலது கை இன்னும் வரவில்லை, பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது. காலையில் மாத்திரை விழுங்குகிறாள், தேநீரில் சர்க்கரை போடுவதில்லை, மத்தியானம் நன்றாகத் தூங்குகிறாள். துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தால் சங்கு சத்தம் வீடு வரை கேட்கும். அப்போது இடது கை மடியில் துடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருந்தால் லினெட் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். லினெட் இன்னும் குடல் எடுக்கும் பக்கத்தில்தான் நிற்கிறாள். மஞ்சள் தொப்பி வேறொருத்தியிடம் இருக்கிறது. மேசைகளிலிருந்து மைக்கை இன்னும் எடுக்கவில்லை.